காலடி மண்ணில் ஒரு கிருமி



ஜொகூரில் நவம்பர் பிறந்து மழை பிடித்துக்கொண்டால், காலையில் பெரட்டுக்கு முன்னாலேயே என் கிளினிக் வாசலில் ஆள் நிற்கும். "டிரெசர் ஐயா, லேசா காய்ச்சல். ரெண்டு பெனடோல் குடுத்தா வேலைக்குப் போயிடுவேன்" என்பார்கள். நானும் நாக்கைப் பார்த்து, நெற்றியைத் தொட்டுப் பார்த்து, மாத்திரை கொடுத்து அனுப்புவேன். பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு அது போதும். அந்தப் பத்தாவது ஆளைப் பற்றித்தான் இந்த மாதம் எழுதப்போகிறேன்.

பல வருடங்களுக்கு முன்பு நடந்தது இது. ஐம்பது வயது தாண்டிய செம்பனை வெட்டுத் தொழிலாளி ஒருவர். மறுநடவு செய்த இடத்தில் மட்டை முள் காலில் ஏறிவிட்டது. முள்ளைப் பிடுங்கிப் போட்டு, பக்கத்துப் பாரிட்டிலேயே காலைக் கழுவிவிட்டு வேலையைத் தொடர்ந்திருக்கிறார். ஒரு வாரம் கழித்துக் காய்ச்சல். என்னிடம் மூன்று தடவை வந்தார். மூன்று தடவையும் காய்ச்சல் மாத்திரையும், வழக்கமாகக் கொடுக்கும் கிருமி மருந்தும் கொடுத்தேன். அவருக்கு இனிப்பு நீர் உண்டு என்று அவருடைய கார்டில் என் கையெழுத்திலேயே எழுதியிருந்தது. நான் அதையும் இதையும் சேர்த்துப் பார்க்கவில்லை. ஆறாம் நாள் மூச்சு வாங்கத் தொடங்கியபோதுதான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அங்கே இரத்தத்தைச் சோதித்து 'மெலியோய்டோசிஸ்' என்றார்கள்.

மூன்று வாரம் படுத்திருந்து உயிரோடு வந்தார். மூன்று மாதத்துக்கு மாத்திரை கொடுத்து அனுப்பியிருந்தார்கள். இரண்டு மாதத்தில் உடம்பு தேறிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகிற ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் சம்பளம் போகிறதே என்று மாத்திரையை நிறுத்திவிட்டார். சில மாதம் கழித்து அதே காய்ச்சல் திரும்ப வந்தது. இந்தத் தடவை அவர் வீடு திரும்பவில்லை.

அவருடைய மனைவி என்னிடம் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "மண்ணுல இருந்தா ஐயா வந்துச்சு? முப்பது வருசமா அந்த மண்ணுலதானே நடந்தாரு? இத்தனை நாளா வராதது இப்ப ஏன் வந்துச்சு?" அன்றைக்கு என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. பிறகு படித்துத் தெரிந்துகொண்டதை உங்களுக்குச் சொல்கிறேன்.

மண்ணில் கிருமி இருப்பது குற்றமா?

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பாக்டீரியா என்னும் கிருமி இல்லாத இடமே கிடையாது. நம் தோலில் இருக்கிறது, வயிற்றில் இருக்கிறது, தாளிப்பு வாசம் வீசும் அடுப்படியில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்குள் 500-க்கும் மேல் வரிசையாக நிறுத்தலாம், அவ்வளவு பொடிசு.

அவற்றில் மிகப் பெரும்பாலானவை நமக்கு ஒரு தீங்கும் செய்வதில்லை. பாலைத் தயிராக்குவது பாக்டீரியாதான். வெட்டிப்போட்ட செம்பனை மட்டையை மக்கவைத்து உரமாக்குவதில் அதற்கும் பங்குண்டு. இளங்கன்றுகளுக்கு நடுவே மண்ணை மூடக் கொடி வளர்க்கிறோமே, அந்தக் கொடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். சிறு சிறு முடிச்சு இருக்கும். அந்த முடிச்சுக்குள் குடியிருக்கும் பாக்டீரியா, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு உரமாகக் கொடுக்கிறது. காசநோய்க்கு முதன்முதலில் கிடைத்த நல்ல மருந்தாகிய ஸ்ட்ரெப்டோமைசினும் 1943-இல் மண்ணில் வாழும் பாக்டீரியாவிடமிருந்து எடுத்ததுதான். ஆகவே, மண்ணைக் கண்டு பயப்பட வேண்டாம். அதே மண்ணில் வாழும் ஒரு பொல்லாத கிருமியை மட்டும் அடையாளம் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

கண்டுபிடித்த கதை

இந்தக் கிருமியைக் கண்டுபிடித்த இருவரில் ஒருவரின் பெயர் கிருஷ்ணசாமி. ஆச்சரியமாக இருக்கிறதல்லவா?

1911-இல் ரங்கூன் பொது ஆஸ்பத்திரியில் ஆல்ஃபிரட் விட்மோர் என்ற ஆங்கில மருத்துவரும், உதவி மருத்துவர் சி. எஸ். கிருஷ்ணசாமியும் பிணப் பரிசோதனை செய்துவந்தார்கள். இறந்தவர்களில் பலர் வீடு வாசலற்ற ஏழைகள், மார்ஃபியா ஊசிக்கு அடிமையானவர்கள். சிலருடைய நுரையீரலிலும் ஈரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டிகள் நிறைந்திருந்தன. பார்ப்பதற்குக் குதிரைகளுக்கு வரும் ஒரு கொடிய நோய் போலிருந்தது. ஆனால் இறந்தவர்கள் குதிரைக்காரர்கள் அல்ல. சீழை எடுத்து வளர்த்துப் பார்த்தார்கள். குதிரை நோய்க் கிருமி நகராது, இது நகர்ந்தது. அதைவிட வேகமாகவும் வளர்ந்தது. இது புதுக் கிருமி என்று தீர்மானித்து, 1912-இல் எழுதி வெளியிட்டார்கள்.

அடுத்த கட்டம் நம் நாட்டில் நடந்தது. கோலாலம்பூரில் 1900-இல் தொடங்கிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில், 1913-இல் சோதனைக்காக வளர்த்த சீமைப்பெருச்சாளிகளும் முயல்களும் நோய் கண்டு செத்தன. வில்லியம் ஃப்ளெச்சர், அம்புரோஸ் ஸ்டாண்டன் என்ற இரு மருத்துவர்கள் அதை ஆராய்ந்தார்கள். ரங்கூனில் கண்ட அதே கிருமிதான் என்று பிறகு தெரிந்தது. 1921-இல் அவர்கள்தான் இந்த நோய்க்கு 'மெலியோய்டோசிஸ்' என்று பெயர் வைத்தார்கள். கிருமிக்குப் பெயர் பல தடவை மாறி, 1992 முதல் 'பர்க்ஹோல்டேரியா சூடோமல்லெய்' என்று வழங்குகிறது. பெயர் வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை. 'மண் கிருமி' என்று வைத்துக்கொள்வோம்.

அவர்களுக்கு ஒரு விஷயம் மட்டும் பிடிபடவில்லை. எலிதான் இதைப் பரப்புகிறது என்று நினைத்தார்கள். எலி மூத்திரத்தால் வருவது வேறு காய்ச்சல். அதை 'எலிக்காய்ச்சல்' என்கிறோம். இந்தக் கிருமியின் வீடு மண்ணும் தண்ணீரும்தான் என்பதை 1950-களில் வியட்நாமில் செய்த ஆராய்ச்சிதான் காட்டியது. 1960-களில் நம் நாட்டிலும் பல இடங்களில் மண்ணும் தண்ணீரும் எடுத்துச் சோதித்தார்கள். முடிவு 1969-இல் வெளிவந்தது. வெட்டாத பெருங்காட்டில் இந்தக் கிருமி மிகக் குறைவு. தண்ணீர் நிற்கும் நெல்வயலிலும், காடு திருத்திப் புதிதாகச் செம்பனை நட்ட நிலத்திலும் அதிகம்.

தோழர்களே, அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை படியுங்கள். அது நாம் நிற்கிற இடம்.

உடம்புக்குள் எப்படி வருகிறது?

வெயில் காலத்தில் இந்தக் கிருமி மண்ணின் ஆழத்தில் கிடக்கும். மழை கொட்டி நிலத்தடி நீர் ஏறும்போது மேலே வரும். சகதியிலும், பாரிட்டிலும், தேங்கிய தண்ணீரிலும் இருக்கும். மூன்று வழியாக நமக்குள் நுழைகிறது.

ஒன்று, தோலில் உள்ள புண். முள் குத்து, உளி வெட்டு, சேற்றுப்புண், பித்தவெடிப்பு, எதுவாகவும் இருக்கலாம். வெறுங்கையால் உதிரிப்பழம் பொறுக்கும் தாய்மார்களின் விரல் நகத்தோரத்துக் கீறல்கூடப் போதும். இரண்டு, மூச்சு. பெருமழையும் காற்றும் சேர்ந்து அடிக்கும்போது சேற்றுநீர்ச் சாரலோடு கிருமியும் நுரையீரலுக்குள் போகலாம். மூன்று, காய்ச்சாத கிணற்று நீர், ஆற்று நீர்.

பொதுவாக ஒருவரிடமிருந்து மற்றவருக்கு இது தொற்றுவதில்லை. ஆகவே நோயாளியை ஒதுக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி கொடுக்கலாம்.

நுழைந்த கிருமி ஒரு நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் நோயைக் காட்டலாம். சிலரிடம் வருடக்கணக்கில் ஒளிந்தும் கிடக்கும். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியரிடம் போர்க்கைதியாக இருந்த ஒருவருக்கு, 62 வருடம் கழித்து இந்த நோய் வெளிப்பட்டதாக மருத்துவச் சஞ்சிகையில் எழுதியிருக்கிறார்கள்.

முப்பது வருடம் வராதது இப்போது ஏன்?

இப்போது அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். மண் மாறவில்லை, கிருமியும் மாறவில்லை. மாறியது அவருடைய கணவரின் உடம்பு.

நல்ல உடம்பில் இந்தக் கிருமி நுழைந்தாலும், நம் இரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்கள் பெரும்பாலும் அதைச் சமாளித்துவிடும். இனிப்பு நீர் கட்டுக்குள் இல்லாதவரின் வெள்ளை அணுவுக்கு அந்தப் பலம் கிடையாது. காலில் உணர்ச்சி குறைந்துவிடுவதால் முள் ஏறினதும் தெரியாது, புண் ஆறவும் ஆறாது. நோய் கண்டவர்களைக் கணக்கெடுத்தால் பாதிக்கு மேற்பட்டவர்கள் இனிப்பு நீர்க்காரர்களாகவே இருக்கிறார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், ஓயாமல் குடிப்பவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. நம் ஜனங்களுக்குள் இனிப்பு நீர் எத்தனை வீட்டில் இருக்கிறதென்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

2010 ஜூன் மாதம் பகாங் மாநிலம் மாரான் பகுதியிலுள்ள லுபுக் யூ என்ற இடத்தில் ஒருவர் ஆற்றில் மூழ்கினார். மீட்புப் படையினரும் கிராமத்து ஜனங்களுமாக 150-க்கு மேற்பட்டவர்கள் தண்ணீரில் இறங்கித் தேடினார்கள். பிறகு அவர்களில் 10 பேருக்கு மெலியோய்டோசிஸ் உறுதியானது. சிலருக்கு எலிக்காய்ச்சலும் சேர்ந்து வந்தது. 8 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் இனிப்பு நீர் உள்ளவர்கள். ஒரே ஆறு, ஒரே தண்ணீர். ஆனால் எல்லோரையும் அது ஒன்றுபோல் தாக்கவில்லை.

ஜொகூரிலும் இந்த நோய் புதிதல்ல. ஜொகூர் பாருவில் கண்ட நோயாளிகளைப் பற்றி 2005-இல் மலேசிய மருத்துவச் சஞ்சிகையில் கட்டுரை வந்திருக்கிறது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கியையும் சிகாமட்டையும் மூழ்கடித்த வெள்ளம் நம்மில் பலருக்கு ஞாபகம் இருக்கும். 2023 மார்ச்சிலும் வெள்ளம் வந்தது. வெள்ளம் வடிந்ததும் வெறுங்காலோடு வீட்டுச் சேற்றைத் தள்ளுகிறோம். அந்த நேரத்தில்தான் மிகக் கவனமாக இருக்க வேண்டும்.

பல வேஷம் போடும் நோய்

இந்த நோய்க்குத் தனி முகம் கிடையாது. பலருக்குக் காய்ச்சல், இருமல், நெஞ்சுவலி என்று நிமோனியாபோல் வரும். சிலருக்குப் பல வாரம் இருமி, உடம்பு இளைத்துக் காசநோய் மாதிரி தெரியும். காசநோய் மருந்து சாப்பிட்டும் குணமாகாது. சிலருக்கு ஆறாத கட்டி, சிலருக்கு மூட்டு வீக்கம். ஈரலிலும் மண்ணீரலிலும் உள்ளுக்குள்ளேயே சீழ் கட்டலாம். வெளியே தெரிவது காய்ச்சல் மட்டும்தான். இரத்தத்தில் கலந்துவிட்டால் ஓரிரு நாளில் உயிரைப் பறித்துவிடலாம். கெடாவில் நடந்த ஓர் ஆய்வில் நோய் கண்டவர்களில் நூற்றுக்கு 34 பேரும், பகாங்கில் நடந்த ஆய்வில் 54 பேரும் இறந்திருக்கிறார்கள். உலகம் முழுவதும் வருடத்துக்கு சுமார் 1,65,000 பேருக்கு இது வருவதாகவும், 89,000 பேர் இறப்பதாகவும் 2016-இல் வந்த ஒரு மதிப்பீடு சொல்கிறது.

அதனால் தொட்டுப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. என்னாலும் முடியாது. இரத்தம், சளி, சீழ், சிறுநீர் எடுத்துச் சோதனைக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே கிருமிக்குச் சாப்பாடு போட்டு வளர்ப்பார்கள். கடற்பாசியிலிருந்து எடுத்த அகார் என்ற கூழை வட்டத் தட்டில் ஊற்றி உறைய வைத்து, அதன்மேல் மாதிரியைத் தடவி, நம் உடம்புச் சூட்டிலேயே பெட்டிக்குள் வைப்பார்கள். ஒன்றிரண்டு நாளிலோ, சில சமயம் அதற்கு மேலும் ஆகியோ புள்ளி புள்ளியாகக் கிருமிக்கூட்டம் முளைக்கும். நாளாக ஆக அதன் மேல்பக்கம் சுருக்கம் விழுந்து, காய்ந்த பூப்போல் இருக்கும். சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், இரு முனையிலும் நிறம் ஏறிய ஊக்குபோல் தெரியும். பிறகு எந்த மருந்துக்கு அது சாகிறது என்றும் சோதிப்பார்கள்.

இந்தத் துறையில் நம் நாட்டில் பெரிய வேலை செய்தவர்கள் மலாயாப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியைகள் எஸ். டி. புதுச்சேரியும் ஜமுனா வடிவேலுவும். இந்த நோயைப் பற்றி அவர்கள் எழுதிய புத்தகம் 2002-இல் வெளிவந்தது.

மருந்து உண்டு, பொறுமை வேண்டும்

நான் அந்தத் தோழருக்குக் கொடுத்த சாதாரண மருந்து ஏன் கேட்கவில்லை? பென்சிலின் போன்ற மருந்துகளைச் செயலிழக்கச் செய்யும் சரக்கு இந்தக் கிருமியிடமே இருக்கிறது. உள்ளே வந்த மருந்தை வெளியே தள்ளவும் அதற்குத் தெரியும். நம் உடம்பின் அணுக்களுக்குள்ளேயே புகுந்து ஒளிந்தும் கொள்ளும்.

இதற்குச் செஃப்டாசிடிம், மெரோபெனம் போன்ற மருந்தைக் குறைந்தது 10 முதல் 14 நாள்வரை நரம்பு வழியாக ஏற்ற வேண்டும். அது முதல் பாதி. ஒளிந்திருக்கும் கிருமியை ஒழிக்க, அதற்குப் பிறகு குறைந்தது மூன்று மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும். பெரும்பாலும் கோ-டிரைமோக்சசோல் என்ற மாத்திரை கொடுப்பார்கள். இதை நீங்களாகக் கடையில் வாங்கிச் சாப்பிடாதீர்கள், சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. தோலில் தடிப்பு வந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். "உடம்பு நல்லாயிடுச்சு, இனி மருந்து எதுக்கு?" என்று மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அடுப்பில் தணல் இருக்கும்போது மேலே சாம்பலைப் பார்த்து அணைந்தது என்று நினைப்பது போலத்தான் அது.

நாம் செய்ய வேண்டியது

இந்த நோய்க்குத் தடுப்பூசி இல்லை. தோட்டத்து மண் முழுவதையும் மருந்து தெளித்துச் சுத்தம் செய்யவும் முடியாது. அதற்கும் நமக்கும் நடுவே ஒரு வேலி போட முடியும்.

1. முழங்கால்வரை உயர்ந்த ரப்பர் பூட்ஸ் போடுங்கள். ஓட்டை விழுந்த பூட்ஸ் வெறுங்காலைவிட மோசம். சேற்றை உள்ளேயே பிடித்து வைத்திருக்கும்.

2. உதிரிப்பழம் பொறுக்கவும், உரம் போடவும், பாரிட் வெட்டவும் கையுறை போடுங்கள்.

3. முள் குத்தினால் பாரிட்டில் கழுவாதீர்கள். குடிக்கக் கொண்டுபோகும் நல்ல தண்ணீராலும் சவர்க்காரத்தாலும் கழுவித் துணியால் மூடுங்கள். வேலைக்குப் போகும்போது ஒரு சின்னத் துண்டு சவர்க்காரம் பையில் இருக்கட்டும்.

4. காலில் ஆறாத புண் இருந்தால், அது ஆறும்வரை சேற்றில் இறங்கும் வேலை வேண்டாம் என்று மண்டோரிடம் சொல்லுங்கள். சொல்லத் தயக்கமாக இருந்தால் என்னிடம் வாருங்கள். சீட்டு எழுதித் தருகிறேன்.

5. கிணற்று நீர், ஆற்று நீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

6. இனிப்பு நீர் உள்ளவர்கள் மாத்திரையை விடாதீர்கள். தினமும் படுக்கப் போகுமுன் இரண்டு பாதத்தையும் விளக்கில் பார்க்கச் சொல்லி வீட்டிலுள்ளவர்களிடம் கேளுங்கள். நாற்பது வயது தாண்டியவர்கள் இதுவரை சோதிக்கவில்லை என்றால், விரலில் ஒரு சொட்டு இரத்தம் போதும், வந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

7. இனிப்பு நீர் உள்ளவருக்கு இரண்டு நாளுக்கு மேல் காய்ச்சல் இருந்தால் பெனடோலோடு காத்திருக்க வேண்டாம். மூச்சு வாங்கினால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் வாயை மூடிக்கொண்டு நிற்காதீர்கள். நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று டாக்டருக்கு எப்படித் தெரியும்? தெரிந்த மலாயில் சொன்னால் போதும்: "சாயா கெர்ஜா லாடாங். சாயா அடா கென்சிங் மானிஸ். காக்கி லுக்கா, கெனா தானா." இந்த மூன்று வாக்கியம் டாக்டரை இந்த நோயைப் பற்றி யோசிக்க வைக்கும். நம்மோடு வேலை செய்யும் பங்களாதேஷ், இந்தோனேசியத் தோழர்களுக்கும் சொல்லிக் கொடுங்கள். அவர்களும் இதே சகதியில்தான் நிற்கிறார்கள்.

உரிமையையும் தெரிந்துகொள்ளுங்கள்

பூட்ஸும் கையுறையும் யார் வாங்குவது என்று கேட்பீர்கள். 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 26-ஆம் பிரிவின்படி, சட்டப்படி கொடுக்க வேண்டிய பாதுகாப்புச் சாமான்களுக்குத் தொழிலாளியிடம் காசு பிடிக்கக்கூடாது. ஆஸ்பத்திரியில் தங்க வேண்டி வந்தால், 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி வருடத்துக்கு 60 நாள்வரை சம்பளத்தோடு விடுப்பு உண்டு. வேலையில் முள் குத்தினாலும் வெட்டுப்பட்டாலும், சின்னதென்று விட்டுவிடாமல் கிளினிக் புத்தகத்தில் தேதியோடு எழுதச் சொல்லுங்கள். நாளைக்கு சொக்சோவில் கேட்க வேண்டிவந்தால் அந்த ஒரு வரிதான் சாட்சி. சந்தேகம் இருந்தால் நம் சங்கத்துத் தோட்டக் கமிட்டியைப் பாருங்கள்.

அந்தத் தோழர் போனபிறகு என் மேசையில் ஒரு பழக்கம் கொண்டுவந்தேன். காய்ச்சலென்று யார் வந்தாலும் மாத்திரை டப்பாவைத் திறக்குமுன் மூன்று கேள்வி கேட்கிறேன். இனிப்பு நீர் உண்டா? காலில், கையில் புண் உண்டா? காய்ச்சல் எத்தனை நாள்? சிலர், "என்ன ஐயா, போலீஸ் மாதிரி விசாரிக்கிறீங்க?" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நான் மறந்துபோய்க் கேட்காவிட்டால், நீங்களே சொல்லிவிடுங்கள்.

மண்ணை விட்டுவிட்டு நாம் எங்கே போவது? அது நமக்குச் சோறு போடுகிறது. பூட்ஸைப் போட்டுக்கொண்டு, சவர்க்காரத்தைப் பையில் வைத்துக்கொண்டு, இனிப்பைக் கட்டுக்குள் வைத்துக்கொண்டு அதில் இறங்குவோம்.